மாப்பிள்ளை இறங்கினால் ஓடும் கார்

பூந்தொட்டிகள் மேல் காரை ஏற்றியது அத்தை. ஏற்ற வைத்தது நான்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, மடக்கி வைக்கிற துணிக்கூரை. அத்தையின் பிள்ளைகள் இருவரும் பிறக்கும் முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டதால் அதற்கு மூத்தவள் என்று பெயர். முறைக்கு எனக்கு மச்சினி. ஊரில் உள்ள மச்சினிகளைப் போலவே அவளும் என்னை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அத்தையின் பிறந்தநாள் வந்தது. எதை வாங்கிக்கொடுத்தாலும் “எதுக்கு மாப்பிள்ளை இதெல்லாம்” என்று சொல்லி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அலமாரியில் வைக்க முடியாத பரிசாகக் கொடுப்போம் என்று, அவர் வெளியே போயிருந்த நேரத்தில் மூத்தவளுக்கு மெழுகு பாலிஷ் போட ஆரம்பித்தேன். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி உள்ளும் புறமும் தேய்த்தேன். விளக்கு வளையம், கண்ணாடிச் சட்டம், மூடி, கைப்பிடி, எதையும் விடவில்லை. கடைசியாக மரத்தில் செய்த ஸ்டீயரிங் வளையம். அதில் என் முகம் தெரிகிறவரை தேய்த்தேன். முகம் தெரிந்ததுமே பயந்து நிறுத்தியிருக்கலாம். எனக்குப் பழகிப்போன முகம் என்பதால் தொடர்ந்து தேய்த்தேன்.

அத்தை வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “ம்” என்றார். ஏறி உட்கார்ந்து கிளப்பினார். ஷெட்டிலிருந்து வாசல் கேட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு திருப்பம்தான் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் ஸ்டீயரிங் அத்தையின் கையிலிருந்து உயிருள்ள மீன் மாதிரி வழுக்கியது. கார் திரும்பவில்லை. மிக நிதானமாக, விருந்துக்குப் போகிற பெரிய மனுஷி போல நேரே போய், வரிசையாக இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்றது. மூத்தவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தொட்டிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

“பரவாயில்ல மாப்பிள்ளை,” என்றார் அத்தை, இறங்கி மண்ணைத் தட்டிக்கொண்டே. “தொட்டிங்க பழசு.”

“அத்தை, என் மேல கோபமா?”

“செடிக்கு இன்னைக்கு யாராவது தண்ணி ஊத்தினாங்களா?”

இதுதான் அத்தை. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுவை மேசையில் படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, “டாக்டர், பொழைச்சுக்குவேனா?” அதற்கு அவர் காலமெல்லாம் சொன்ன பதில், “மூச்சை நல்லா இழுத்து விடுங்க.” ஆள் தூங்கிவிடுவார், கேள்வியும் தூங்கிவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கத்திலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை. நான் மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். ஆளைத் தூங்கவைப்பதில் நானும் அவரும் ஒரே தொழில் என்று கல்யாணமான புதிதில் ஒரு நகைச்சுவை சொன்னேன். “சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கைதான். மூத்தவளை ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்க வேண்டும். கேட்காத பருவமில்லை. கோடையில் கேட்டால் “வெயில் தாழட்டும் மாப்பிள்ளை.” மழைக்காலத்தில் கேட்டால் “வானம் கொஞ்சம் வெளுக்கட்டும்.” வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஒரு நாள் பார்த்துக் கேட்டேன். என் காலைப் பார்த்துவிட்டு, “உங்க செருப்பு கொஞ்சம் அகலமா இருக்கே” என்றார்.

“அம்மா முடியாதுன்னு சொல்றாங்க,” என்றாள் என் மனைவி.

“அப்படிச் சொல்லலையே!”

“அதான், சொல்லாமலே சொல்றாங்க. உங்களுக்குத்தான் சொன்னாலும் புரியாது, சொல்லாட்டியும் புரியாது.”

அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என்னை மட்டும் இன்னும் பாஸ் போடவில்லை.

தொட்டி விவகாரம் முடிந்து, ஸ்டீயரிங்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று நான் மட்டும் நம்பிக்கொண்டிருந்த வாரத்தில், மூத்தவள் நடுரோட்டில் நின்றாள்.

அத்தை நூலகத்துக்குக் கிளம்பினார், புத்தகப் பையைத் தூக்க நான் கூடப் போனேன். சந்தை தாண்டும்வரை பாட்டுப் பாடுகிற மாதிரி வந்த எஞ்சின், ரவுண்டானாவில் இருமியது. ஒரு முறை குலுங்கியது. பிறகு, பேச்சை நடுவில் மறந்துவிட்டவர் போல அமைதியாகிவிட்டது. அத்தை சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னாலிருந்த வேன்காரர் ஹாரனில் குடித்தனம் நடத்த ஆரம்பித்தார்.

எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே விஷயம், பெட்ரோல் இல்லாவிட்டால் ஓடாது. மூத்தவளின் பெட்ரோல் முள் பல வருடமாகப் பாதியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால், எவ்வளவு இருக்கிறது என்று இறங்கித்தான் பார்க்க வேண்டும். இறங்கினேன். பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்தேன். அப்படியே வேன்காரருக்கும் பதில் சொன்னேன். “அண்ணே, உங்க ஹாரன் நல்லா இருக்கு, இஞ்சினை எனக்குக் கடன் குடுங்க.” பெட்ரோல் நிறைய இருந்தது. மூடியை மூடிவிட்டு வந்தேன். அத்தை சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது.

“என்ன அத்தை ஆச்சு?”

“ரோட்டைப் பார்த்து உக்காருங்க மாப்பிள்ளை,” என்றார், ஓட்டாதவனிடம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதும் நின்றது. மறுநாள் நின்றது. அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு இருமல், குலுக்கல், மௌனம். நான் இறங்கிப் பெட்ரோல் பார்த்துவிட்டு வருவேன். ஓடும்.

மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் பெயர் என்னவோ, ஊர் முழுக்க ‘பார்க்கலாம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எது கேட்டாலும் அதுதான் பதில். அத்தையின் பள்ளியில் படித்தவர் மாதிரி. ஆனால் வேலை சுத்தம். இரண்டு கார்பரேட்டரையும் பிரித்து, வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொரு துவாரத்தையும் ஊதிக் கழுவி மாட்டினார். பிளக்குகளை மாற்றினார். சூடேறினால் நிற்கிறது என்றால் காயிலாக இருக்கலாம் என்று காயிலை மாற்றினார். மறுபடி நின்றதும் பெட்ரோல் பம்பை மாற்றினார். அவர் பட்டறையில் நிறுத்தி வைத்து ஓடவிட்டால் மூத்தவள் எவ்வளவு நேரமானாலும் குடும்பப் பெண் மாதிரி அடக்கமாக ஓடிக்கொண்டிருப்பாள். தெருவைச் சுற்றி வந்தால் சிரித்தபடி சுற்றி வருவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து நெடுந்தூரம் போனால்தான் அவளுக்கு நோய் வரும்.

“இப்ப சரியாயிடுச்சா?” என்று கேட்டேன்.

“ஓட்டிப் பார்க்கலாம்,” என்றார் பார்க்கலாம்.

ஓட்டிப் பார்த்தோம். இந்த முறை பாலத்தின் நடுவில் நின்றது. பின்னால் ஒரு பெரிய லாரி. அதன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் பின் பம்பருக்கும் அந்த லாரியின் முகத்துக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். நான் இறங்கிப் பெட்ரோல் பார்த்துவிட்டு வந்தேன். சாவியைத் திருப்பும் முன் அத்தை கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டார். ஆயிரம் பேரைத் தூங்கவைத்து எழுப்பிய கை அது.

அன்று மாலையே மச்சான் வந்துவிட்டார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை ஆராய்கிற வேலை. நாற்காலியைப் பார்த்தால் நமக்கு உட்காரத் தோன்றும், அவருக்கு அது எப்படி உடையும் என்று தோன்றும்.

“அம்மா, போதும். அந்த லாரிக்காரன் தூக்கத்துல இருந்திருந்தா?” என்றார். “எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹோட்டல்ல இந்தக் காரைக் கேக்குறாங்க. பெரிய ஹோட்டல். வரவேற்பறையில நிக்க வைப்பாங்க. ஜம்முனு இருக்கும்.”

“நிக்க வச்சு?” என்றாள் என் மனைவி.

“நிக்க வச்சு, பார்ப்பாங்க. கம்பளத்துல எண்ணெய் சொட்டும்னு இஞ்சினை மட்டும் எடுத்துடுவாங்க. அந்த இடத்துல பூ அலங்காரம்.”

எஞ்சின் இருந்த இடத்தில் பூ. நானே எப்போதாவது செய்துவிடுகிற ரகத்தில் ஒரு யோசனை. என் கற்பனையில் மூத்தவள் வாயில் ரோஜாப்பூவோடு ஹோட்டல் வாசலில் நின்று எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஞாயித்துக்கிழமை அணை வரைக்கும் மலை மேல ஏறிட்டு வருவோம்,” என்றார். “வழியில நின்னா, நீ சொன்ன மாதிரி குடுத்துடலாம்.”

“நிச்சயமாவா?” என்றார் மச்சான், தன் காதையே நம்பாமல்.

“மழை வருமான்னு பாரு.”

அவர் ஆமாம் என்று சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும்கூட.

அன்று டீயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது அத்தை காருக்குள் உட்கார்ந்திருந்தார். கிளப்பவில்லை. சும்மா, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு.

“ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிடுவாங்க,” என்றார் என்னைப் பார்க்காமல். “எந்த நேரம்னு கிடையாது. நான் போகாம கத்தி எடுக்க முடியாது. அங்க ஒருத்தர் படுத்துட்டிருப்பாங்க. இவ ஒரு நாளும் வழியில நின்னதில்ல.”

அத்தை என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. வழக்கமான நகைச்சுவையை விட்டுவிட்டுக் கேட்டேன்.

“அத்தை, இவளைக் குடுக்க உங்களுக்குச் சம்மதமா?”

“டீ ஆறுது மாப்பிள்ளை. நீங்க குடிங்க.”

அவருக்காகக் கொண்டுபோன டீயை நானே குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரம்தான் மச்சான் தன் தொழிலைக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் திடீரென்று கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ரவுண்டானால நின்னுச்சு. மாப்ள இறங்கினாரு, ஓடுச்சு. பாலத்துல நின்னுச்சு. மாப்ள இறங்கினாரு, ஓடுச்சு. எல்லாத் தடவையும் அப்படித்தான். கோளாறு வண்டியில இல்ல.”

“மச்சான், என் எடை அவ்வளவு இல்லையே.”

“எடை இல்ல மாப்ள. ராசி.”

என் மனைவி சிரிக்கவில்லை. அறிவியல் டீச்சர் முகத்தை வைத்துக்கொண்டாள். அது என் சட்டையில் லிப்ஸ்டிக் இருந்தால்கூட வராத முகம். “சோதனை பண்ணித்தான் பார்க்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும், அப்பத்தான் காரணம் தெரியும். பிளக்கை மாத்தியாச்சு, காயிலை மாத்தியாச்சு, பம்பை மாத்தியாச்சு. இன்னும் மாத்தாதது உங்களைத்தான்.”

“என்னை மாத்தணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“முன்னாடியே சொல்லிட்டுத்தான் இருக்கேன்.”

சனிக்கிழமை என்னைக் கடையில் விட்டுவிட்டு அம்மாவும் மகளும் மூத்தவளில் கிளம்பினார்கள், சாட்சிக்கு மச்சான் தன் காரில் பின்னாலேயே போனார். நான் ஒரு தம்பதிக்கு மெத்தை காட்டிக்கொண்டிருந்தேன். கணவர் படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்து, நிஜமாகவே தூங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து மச்சான் போன் செய்தார்.

“மாப்ள, நாற்காலிக் கடைத்தெருவுக்கு உடனே வாங்க. நின்னுடுச்சு. எவ்வளவு நேரமாச்சு, கிளம்பவே மாட்டேங்குது.”

“நான் இல்லாமலேவா நின்னுச்சு?”

“நீங்க இல்லாமதான் கிளம்பவும் மாட்டேங்குது!”

கழுத்தில் அளவு நாடாவோடு ஓடினேன். தெருவில் கூட்டம். பானெட்டைத் திறந்து வைத்துப் பலரும் பல உறுப்புகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம் போலப் பின்பக்கம் போனேன். “என்ன மச்சான், ராசியில்லாத ஆளைத் தேடிக் கூப்பிட்டிருக்கீங்க” என்று பேசிக்கொண்டே மூடியைத் திறந்து, பார்த்து, மூடினேன். அத்தை சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்தது.

கூட்டம் கை தட்டியது. ஒருவர் என் தோளைத் தொட்டு, “அண்ணே, எங்க வண்டியும் ரெண்டு நாளா நிக்குது, வந்து கொஞ்சம் நின்னுட்டுப் போறீங்களா?” என்றார்.

“என்னங்க பண்ணினீங்க?” என்றாள் என் மனைவி.

“ஒண்ணும் பண்ணலையே. வந்தேன்.”

பொய் சொல்லவில்லை. பெட்ரோல் பார்ப்பதை நானே ஒரு வேலையாக நினைத்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஆபத்தில்லாத ஒரு காரியம் மாப்பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். மூத்தவளில் அத்தையும் நானும். பின்னால் மச்சானின் காரில் மச்சானும் என் மனைவியும். மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டால்தான் ஓடும் என்கிற வண்டி ஒரு வண்டியா என்று மச்சான் கிளம்பும்போதே ஆட்சேபித்தார். “ஸ்டெப்னி இல்லாம யாரு மலை ஏறுவா?” என்றாள் என் மனைவி. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறியது. கூரையை மடக்கி வைத்திருந்தோம். அத்தை கியர் மாற்றுவதே ஒரு அழகு. கை போவது தெரியாது, சத்தம் மட்டும் மாறும். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, தாண்டியதும் உயர்த்தியது. நான் பேசிக்கொண்டே வந்தேன். எதைப் பற்றி என்று எனக்கே தெரியாது. பேச்சை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும் என்று ஒரு பயம்.

மரங்கள் விலகி, கீழே நகரம் சின்னதாகத் தெரிய ஆரம்பித்த வளைவில் எஞ்சின் இருமியது.

அத்தை வண்டியை ஓரமாக, புல் மேல் கொண்டுவந்தார். ஒரு குலுக்கல். மௌனம். காற்று மட்டும் அடித்தது.

பின்னால் மச்சான் இறங்குகிற சத்தம் கேட்டது. அவர் கையில் போன் இருந்தது, ஆனால் முகத்தில் வெற்றி இல்லை. அம்மாவின் முதுகைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டார். அத்தை சாவியைத் திருப்பக்கூட இல்லை. இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“சரி,” என்றார். “போதும்.”

கல்யாண மேடையில்கூட வாயை மூடாத நான், ஒரு சொல் இல்லாமல் இறங்கினேன். கால் தானாகப் பின்பக்கம் போனது. கை தானாக மூடியைத் திருகியது.

ஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமாக ஒரு மூச்சு. உள்ளே யாரோ இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்து, இப்போது காற்றை இழுத்துக்கொள்கிற மாதிரி. உடனே அடியில் பெட்ரோல் பம்பு டிக்டிக்டிக் என்று அவசரமாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நான் திடுக்கிட்டுப் போய் நின்றேன். இந்தச் சத்தம் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. வேன்காரரிடமும் மச்சானிடமும் நான் பேசிக்கொண்டே திறந்ததால் என் காதில் விழவில்லை.

அத்தை தலையைத் திருப்பியிருந்தார். மூச்சு ஒலியைக் கேட்டே காலம் தள்ளியவர்.

“என்ன அது?”

“மூடியைத் திறந்தேன் அத்தை.”

“ஒவ்வொரு தடவையும் திறந்தீங்களா?”

“பெட்ரோல் இருக்கான்னு பார்க்க...”

அத்தை இறங்கி வந்தார். இத்தனை வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. அதில் அத்தையின் முகமும், பின்னால் எட்டிப் பார்க்கிற என் முகமும் தெரிந்தன.

“நடுவுல ஒரு ஓட்டை இருக்கணும்,” என்றார். “ஊசி முனை அளவுக்கு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாத்தான் டேங்க்குக்குள்ள காத்து போகணும். காத்து போகலன்னா பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. பட்டறையில நின்னுட்டே ஓடினா செலவு கம்மி, தெரியாது, தூரம் போனாத்தான் தெரியும்.” கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, மூடியின் நடுவில் குத்தினார். வெள்ளையாக, சின்னப் புழு மாதிரி ஒன்று வெளியே வந்து அவர் விரலில் சுருண்டது.

மெழுகு. வாசனைகூட அப்படியே இருந்தது. எலுமிச்சை.

நால்வரும் அந்த மெழுகைப் பார்த்தோம். பிறகு மூவர் என்னைப் பார்த்தார்கள்.

“உள்பக்கமும் பாலிஷ் போட்டீங்களா மாப்பிள்ளை?”

“உள்ளும் புறமும் அத்தை. பிறந்தநாளுக்குன்னு...”

“நோயைக் குடுத்ததும் இவர்தான்,” என்றாள் என் மனைவி மெதுவாக, கணக்கு விடை வந்துவிட்ட சந்தோஷத்தோடு. “வைத்தியம் பண்ணினதும் இவர்தான். ரெண்டுமே தெரியாம!”

மச்சான் தொண்டையைச் செருமினார். “ஆனா, நின்னுடுச்சுல்ல. பேச்சுன்னா பேச்சு.”

“வண்டி தானா நிக்கலண்ணா, உன் மாப்ள நிறுத்தினது,” என்றாள் அவள். “ஓட்டையைத் திறந்தாச்சு. இப்ப அம்மாகூட நீ ஏறு. மேல வரைக்கும் போங்க. யாரும் மூடியைத் தொடக்கூடாது. நின்னா அப்ப பேசலாம்.”

மச்சானுக்குத் திறந்த காரில் போவதென்றால் எத்தனை விதமான ஆபத்துகள் என்று அவர் கண்ணிலேயே ஓடியது. ஆனாலும் ஏறினார். கதவை இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். அத்தை சாவியைத் திருப்பினார்.

நானும் என் மனைவியும் பின்னால் போனோம். அவள் ஓட்டினாள், நான் வேண்டிக்கொண்டேன். எதை வேண்டுவது என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை, அதனால் அந்த ஊசி முனை ஓட்டையையே வேண்டிக்கொண்டேன். வளைவுக்கு மேல் வளைவு. மூத்தவள் இருமவில்லை. செங்குத்தான கடைசி ஏற்றத்தில் எங்கள் கார் முனகியது. அவள் முனகவில்லை. ஒரு இடத்தில் மச்சானின் இரண்டு கையும் மேலே போயின. பயத்தில் என்று நினைத்தேன். பார்த்தால், சின்னப் பையன் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அணைக்கரையில் காரை நிறுத்தினார்கள். மச்சான் இறங்கியபோது தலைமுடி முழுதும் எழுந்து நின்றது. அதைத் தடவிக்கூட விடாமல் போனை எடுத்தார். ஹோட்டல்காரரிடம் பேசினார்.

“சார், அந்தக் கார் விஷயமா... இல்ல சார், குடுக்கிறதா இல்ல.” கொஞ்சம் கேட்டுக்கொண்டார். “இல்ல சார். இதுல இஞ்சின் இருக்கு.”

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார். “கீழ இறங்கும்போதும் நானே வரட்டுமாம்மா?”

“அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வாங்களேன் ரெண்டு பேரும்,” என்றார் அத்தை. அண்ணனும் தங்கையும் கைப்பிடிச் சுவர் பக்கம் போனார்கள்.

அத்தை காரின் பின்பக்கம் நின்று, ஊசியால் அந்த ஓட்டையை இன்னொரு முறை துழாவினார். ஊதிப் பார்த்தார். மூடியைப் போட்டு இறுக்கினார். ஊசியைத் துடைத்துக் கொண்டையில் செருகினார். எஞ்சின் சூட்டில் பானெட் மேலே காற்று அலையடித்தது. எனக்கு இதைவிட நல்ல நேரம் இனி வராது என்று தோன்றியது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. செருப்பும் புதுசு, ஒல்லியானது, இதற்காகவே வாங்கியது.

“அத்தை,” என்றேன், “நகைச்சுவை இல்லாம கேக்குறேன். நீங்களும் வானத்தைப் பார்க்காம, செடியைப் பார்க்காம சொல்லுங்க. இறங்கும்போது இவளை நான் ஓட்டட்டுமா?”

அத்தை வானத்தைப் பார்க்கவில்லை. என் செருப்பையும் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், முதல் முறையாக ஒரு சிரிப்பு அவர் உதட்டோரத்தில் கிளம்பியது.

“முடியாது,” என்றார். “நான் இருக்கிற வரைக்கும் உன்கிட்ட இந்த ஸ்டீயரிங்கைக் குடுக்க மாட்டேன். பாலிஷ் டப்பாவையும் நீ தொடக்கூடாது. வா, பக்கத்துல ஏறி உக்காரு.”